மூடியைக் கழற்றிய கை

9 மார்ச் 2023

பேட்டன்ட் ஆபீஸிலிருந்து பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. ஏஜென்ட் ஸ்ரீவத்சன் சென்னையிலிருந்து மெயிலில் அனுப்பி, "பயப்படாதீங்க மேடம், எல்லாருக்கும் முதல்ல இப்படித்தான் வரும்" என்று எழுதியிருந்தான். பயப்படுகிறேன் என்று இவனிடம் யார் சொன்னது?

படித்தேன். சமைக்கத் தெரியாதவன் சாம்பாருக்குக் குறை சொல்வது போல இருக்கிறது. என் கிளிப்பில் புதுமை இல்லையாம். குழாயை அழுத்தினால் ஓட்டம் நிற்கும் என்பது எந்த நர்ஸுக்கும் தெரியுமாம். "இத்துறையில் சாதாரணத் தேர்ச்சி உடைய ஒருவருக்கு எளிதில் தோன்றக்கூடியது." அந்தச் சாதாரணத் தேர்ச்சி உடையவரை ஒருநாள் எங்கள் கணபதிப் பகுதிக்குக் கூட்டி வரட்டும். என் பட்டறையில் உட்கார வைத்துத் தகடும் கத்தரியும் கொடுக்கிறேன். தோன்றுகிறதா பார்க்கலாம்.

இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரிச் சாமான்களைப் பழுது பார்க்கிறவள் நான். சக்‌ஷன் மிஷின், ஆட்டோகிளேவ், பிரஷர் பார்க்கிற கருவி, எல்லாம் இந்தக் கை பார்த்ததுதான். ட்ரிப்ஸ் பாட்டில் காலியானால் நோயாளியின் ரத்தம் குழாயில் ஏறும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர் தூங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். என் கிளிப்பில் பாட்டிலைத் தொங்கவிட்டால், கனம் குறையக் குறைய உள்ளே இருக்கும் இரட்டைத் தகடு நிமிரும். பாட்டில் தீர்ந்ததும் படக்கென்று குழாயைக் கடித்துக்கொள்ளும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். அந்த இரட்டைத் தகட்டின் வளைவுதான் விஷயமே. அது எளிதில் தோன்றிவிடுமாம்.

மணிக்கட்டு வலி. செம்புக் காப்பைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தேன். காப்பு பளபளக்கிறது, கையில்தான் பச்சை வளையம் போகமாட்டேன் என்கிறது. வலி குறைகிறதோ இல்லையோ, காப்பு இல்லாமல் கை மொட்டையாகத் தெரிகிறது.

10 மார்ச்

சிறுவாணித் தண்ணீர் வரவில்லை. அந்த அறிக்கையை எழுதின அதிகாரி வீட்டிலும் வராமல் போகட்டும்.

2 ஏப்ரல்

ஸ்ரீவத்சன் பதில் தயாரிக்கிறான். போனில் ஆயிரம் கேள்வி. "மேடம், இந்த ஐடியா முதல்ல எப்படி வந்தது, ஒரு ரெண்டு வரி சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்" என்றான். வந்தது, அவ்வளவுதான் என்றேன்.

"கண்டுபிடிச்சவர் உங்க ஒருத்தர் பேர்தானே? வேற யாருக்கும் பங்கு இல்லையே?"

"ஃபார்ம்ல என்ன எழுதியிருக்குது?"

"உங்க பேர் மட்டும்."

"அப்பறம் என்ன கேள்வி?"

இதை எழுதிவைக்க வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். என் தங்கை யசோதா பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். டூட்டி முடிந்து பட்டறைக்கு வருவாள், டீ குடிப்பாள், கூடமாட நிற்பாள். ஒருநாள் பழைய குழாயை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டி, "பாட்டல் தீர்ந்தா இப்பிடி ஒரு வெரலு தானா வந்து அமுத்துனா எப்பிடி இருக்கும்" என்றாள். சொன்னாள், டீயைக் குடித்தாள், போய்விட்டாள். ராத்திரி பகலாகத் தகட்டோடு மல்லுக்கட்டியது நான். விண்ணப்பத்தில் தன் பேர் இல்லை என்று தெரிந்ததும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனவள், ஒரு வருஷமாகப் பட்டறைப் பக்கம் வரவில்லை. கட்டைவிரலை ஆட்டினதெல்லாம் கண்டுபிடிப்பா? அப்படியானால் ஊரில் பாதிப் பேருக்கு பேட்டன்ட் கொடுக்க வேண்டியதுதான்.

மிக்ஸி ஜாரின் பிளேடு தேய்ந்துவிட்டது. என் வீட்டுச் சாமானைப் பழுது பார்க்க மட்டும் எனக்கு நேரம் கிடைப்பதில்லை.

30 மே

பதில் போய்விட்டது. டை என்கிற வார்ப்பு அச்சை வெட்டுகிற பீளமேட்டுக் கம்பெனிக்காரர் மறுபடி சொல்லிவிட்டார்: "பேட்டன்ட் கையில வரட்டுங்க்கா. அது இல்லாம நாங்க டை வெட்டி கிளிப்பு ஊத்தி வித்தா, மறுமாசமே அவனவன் அதே மாதிரி ஊத்துவான். நாங்க எறங்க முடியாதுங்க." ஆக, அந்தக் காகிதம் வந்தால் கிளிப் உண்டு. வராவிட்டால் பட்டறையில் இருக்கும் இந்த ஆறு மாதிரியோடு சரி.

17 ஆகஸ்ட்

எதிர்ப்பு மனு. ஒரு பெரிய கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு ட்ரிப்ஸ் சாமான் விற்கிறவர்கள். எனக்கு பேட்டன்ட் தரக்கூடாதாம். விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே நானே அதை ஊருக்குக் காட்டிவிட்டேனாம்.

ஆதாரம் ஒரு படம். எங்கள் பட்டறையின் ஃபேஸ்புக் பக்கத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். 2021 ஆயுத பூஜை. மேஜையில் வாழையிலை, பொரி, கடலை. நடுவில் கிளிப், மூடி இல்லாமல். இரட்டைத் தகடு, வளைவு, கொக்கி எல்லாம் பளிச்சென்று. தகட்டின் மேல் ஒரு கை சந்தனம் வைக்கிறது. மணிக்கட்டு வரைக்கும்தான் கை. முகம் இல்லை.

நாங்கள் விண்ணப்பம் போட்டது அந்த டிசம்பரில்.

அந்தப் பக்கத்தின் பாஸ்வேர்டு யசோதாவுக்கும் தெரியும். போனை வைத்துக்கொண்டு படம் எடுத்துத் தள்ளுகிறவள் அவள்தான். வேறென்ன சொல்ல இருக்கிறது? ஒரு வருஷம் வயிற்றெரிச்சலில் வெந்தவள், முன்கூட்டியே வேலை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

18 ஆகஸ்ட்

நஞ்சப்பண்ணனிடம் படத்தைக் காட்டினேன். அப்பா காலத்திலிருந்து பட்டறையில் ஃபிட்டராக இருக்கிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம பூசைதானுங் அம்முணி."

"அது தெரியுது. மூடியைக் கழட்டுனது ஆரு?"

"நீங்கதானுங்க. மூடி போட்டிருந்தா சாமி எதைப் பாக்கும், தகட்டுக்குத்தானே பூசைன்னு சொன்னீங்க. சின்ன அம்முணி கூட, வேண்டாங்க்கா, ஆராச்சும் பாத்துருவாங்கன்னு சொல்லுச்சுங்க."

நஞ்சப்பண்ணனுக்கு வயசாகிவிட்டது. போன வாரம் வெல்டிங் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே பட்டறை முழுக்கத் தேடினார். இவர் ஞாபகத்தை யார் நம்புவது?

ஆயுத பூஜைக்கு எல்லாப் பட்டறையிலும் மூடியைக் கழற்றத்தான் செய்வார்கள். லேத்தின் கியர்பாக்ஸைக் கூடத் திறந்து பொட்டு வைப்பார்கள். இதிலெல்லாம் குற்றம் கண்டுபிடிக்கிற சட்டம் எந்த ஊர்ச் சட்டம்? அந்தச் சட்டத்தை எழுதினவன் ஒரு ஆயுத பூஜைக்காவது பொரி தின்றிருப்பானா?

21 ஆகஸ்ட்

ஸ்ரீவத்சன் கூப்பிட்டான். குரலில் தேன் வடிகிறது.

"மேடம், ஒரு வழி இருக்கு. உங்க சம்மதம் இல்லாம யாராவது அதை வெளியிட்டிருந்தா, அதை வச்சு உங்க பேட்டன்ட்டை மறுக்க முடியாது. சட்டத்துலயே இருக்கு. ஆனா நிரூபிக்கணும். யார் போட்டாங்க?"

"என் தங்கச்சி."

"உங்களுக்குத் தெரியாமலா?"

"தெரியாம."

"படத்துல இருக்கற கை?"

"அவ கைதான்."

"அப்ப அவங்களே பிரமாணப் பத்திரம் கொடுத்துட்டா நம்ம பக்கம் ஜெயிச்சுடும். 'அக்காவுக்குத் தெரியாம நான்தான் மூடியைக் கழட்டினேன், படம் எடுத்தேன், போட்டேன்'னு. கொடுப்பாங்களா?"

கொடுப்பாள் என்றேன். செய்ததைச் சொல்ல என்ன வலிக்கிறது?

27 ஆகஸ்ட்

யசோதாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். நீலக் கோடு இரண்டு வந்தது, பதில் வரவில்லை. திமிர் எங்கே போகும்?

அரிசியில் வண்டு. மொட்டை மாடியில் கொட்டிக் காய வைத்தேன். பாதியைக் குருவி தின்றது, மீதியைப் பக்கத்து வீட்டுக்காரி கோழி தின்றது. அவளோடும் பேச்சு வார்த்தை முறிந்தது.

3 செப்டம்பர்

அவள் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கே போய்விட்டேன். எவ்வளவு நாள் ஒளிவாள்?

மெலிந்திருக்கிறாள். யூனிஃபார்ம், பின்னிக் கட்டிய கொண்டை, வெறும் கை. இருபது வருஷமாக அவள் கையில் ஒரு வளையல் பார்த்ததில்லை. டூட்டியில் போடக்கூடாது என்பார்கள், இவள் வீட்டிலும் போடமாட்டாள். எதிரில் உட்கார்ந்தாள். டீ சொல்லவில்லை. ஸ்ரீவத்சன் அடித்து அனுப்பிய காகிதத்தைத் தள்ளினேன். நிதானமாகப் படித்தாள். படத்தையும் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இதுல இருக்கறது என்ற கையாக்கா?"

"அப்பிடித்தான் எழுதியிருக்குது."

"எழுதுனது ஆருன்னு கேக்கல."

"உனக்கும் பாஸ்வேர்டு தெரியுமில்ல? படம் எடுத்தது நீதானே?"

"எடுக்கச் சொன்னது ஆரு? எடுத்து உனக்கு அனுப்புனேன். என்ற மூஞ்சி பூசணிக்கா மாதிரி இருக்குதுன்னு சொல்லி வெட்டிட்டு, போட்டது ஆரு?"

இப்படித்தான். எதையாவது ஒன்றை இழுத்து என் தலையில் கட்டுவாள். சின்ன வயசிலிருந்தே அப்படி. பால் பாத்திரம் கவிழ்ந்தாலும் நான்தான், பூனை குட்டி போட்டாலும் நான்தான்.

"சரி, கையெழுத்துப் போட வேண்டாம்" என்றேன். "டை வெட்ட மாட்டாங்க. கிளிப்பு வராது. நிம்மதியா இரு. உன்ற பேரு இல்லாத கிளிப்பு எதுக்கு வரோணும்?"

அவள் முகம் மாறியது. கோபமா என்று தெரியவில்லை. மேஜைமேல் இருந்த உப்பு டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

"என்ற வார்டுல முப்பது பெட்டு. ராத்திரிக்கு நானும் இன்னொரு புள்ளையும்தான். ஒரு பக்கம் ஊசி போட்டுட்டு வரங்காட்டி அந்தப் பக்கம் ரெண்டு பாட்டலு தீர்ந்து ரத்தம் மேல ஏறி நிக்குது. போன வாரம் ஒரு பெரியவரு அதைப் பாத்துட்டுப் பயத்துல ஊசியைப் பிடுங்கிட்டாரு. பெட்டெல்லாம் ரத்தம். எனக்கு உன்ற பேட்டன்டு வேண்டாம். பேரும் வேண்டாம். கிளிப்பு வேணும்."

பேனாவைக் கேட்டாள். நோட்டரி முன்னால்தான் போட வேண்டும் என்றேன்.

"நெசத்தைச் சொன்னா நீ வாங்க மாட்டே. பொய்யின்னா நோட்டரி வெச்சு வாங்கிக்குவே. சனிக்கெழம வர்றேன், போ."

டீ என் காசில்தான் குடித்தேன். தனியாக.

9 செப்டம்பர்

கோர்ட்டு வாசலில் நோட்டரி. யசோதா வந்தாள், போட்டாள், போனாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நோட்டரியிடம் மட்டும் "முத்திரை நல்லா விழலீங்க, இன்னொருக்கா குத்துங்க" என்றாள். அவ்வளவு அக்கறை.

நானும் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று. எனக்கு இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது, அன்று மத்தியானம் நான் சாப்பிடப் போயிருந்தேன். அந்த நேரத்தில்தான் நடந்திருக்க வேண்டும்.

23 அக்டோபர்

ஆயுத பூஜை. கிளிப்பை மேஜையில் வைக்கவில்லை. பீரோவில் பூட்டினேன். நஞ்சப்பண்ணன் "சாமிக்கு வெக்கலீங்களா" என்றார். வேலையைப் பாருங்கண்ணா என்றேன். அவர் எனக்குப் பொரி கொடுக்காமல் போய்விட்டார். பட்டறையில் எல்லாருக்கும் கொழுப்பு ஏறிக்கிடக்கிறது.

12 டிசம்பர், காலை

இன்று விசாரணை. பதினொரு மணிக்கு வீடியோவில். காப்பைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். இறுக்கமாக இருக்கிறது. டிசம்பரில் கை வீங்கும் எனக்கு.

பச்சை வளையம் போகவில்லை. எலுமிச்சை போட்டேன், புளி போட்டேன், பாத்திரம் தேய்க்கிற நார் போட்டும் தேய்த்தேன். தோல்தான் சிவந்தது. முழுக்கை ரவிக்கை ஒன்று பெட்டியடியில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டேன். குளிருக்கு நல்லது.

12 டிசம்பர், மாலை

திரையில் ஏஜென்ட் ஒரு கட்டத்தில், அதிகாரி ஒரு கட்டத்தில், எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கட்டத்தில், நான் ஒரு கட்டத்தில். அதிகாரி நான் நினைத்த மாதிரி இல்லை. என் வயசுப் பெண், மூக்குக் கண்ணாடி, சளி பிடித்திருந்தது. திட்ட வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் வீணாகப் போயிற்று.

பரிசோதனை அறிக்கையில் சொன்ன குறைகளுக்கு ஸ்ரீவத்சன் நன்றாகத்தான் பதில் சொன்னான். அழுத்துவது புதிதல்ல, பாட்டிலின் கனத்தையே விசையாக்கிய வளைவுதான் புதிது என்றான். அது என் வாக்கியம். அதிகாரி கிளிப்பைக் காட்டச் சொன்னார். கேமரா முன்னால் பாட்டிலைத் தொங்கவிட்டுத் தண்ணீரை வடியவிட்டேன். தீர்ந்தது. படக். குழாய் கடிபட்டது. அதிகாரி தன்னை அறியாமல் "ஓ" என்றார். அந்த ஒரு எழுத்துக்காகத்தான் இத்தனை வருஷம் உயிரை விட்டேன்.

கையைத் தூக்கியபோது ரவிக்கைக் கை கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பிறகு அந்த வக்கீல். குரலே உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. "படத்தில் உள்ள கையில் ஒரு செம்புக் காப்பு தெரிகிறது. பிரமாணப் பத்திரம் கொடுத்தவர் செவிலியர். செவிலியர்கள் கையில் எதுவும் அணிவதில்லையே" என்றான்.

ஸ்ரீவத்சன் உடனே குறுக்கிட்டான். "அது வார்டு இல்லை, வீட்டுப் பட்டறை. பண்டிகை நாள். சத்தியம் செய்து கொடுத்தவரின் கை அவருடையது இல்லை என்று சொல்ல இவர்களிடம் என்ன ஆதாரம்?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. இது உங்க தங்கச்சி கையா?"

தும்மல் வந்து கைக்குட்டையை எடுத்தார். அந்த நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

"ஆமாங்க" என்றேன். "அவ கைதானுங்க."

குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். புளி தீர்ந்துபோயிருந்தது. தக்காளியை மட்டும் போட்டுச் சமாளித்தேன். வாயில் வைக்க விளங்கவில்லை.

8 பிப்ரவரி 2024

கிடைத்துவிட்டது. எதிர்ப்பு தள்ளுபடி. பேட்டன்ட் எனக்கு. உத்தரவில் எழுதியிருக்கிறது: "வெளியீடு விண்ணப்பதாரரின் சம்மதமின்றி அவருடைய சகோதரியால் செய்யப்பட்டது என்பது அச்சகோதரியின் பிரமாணத்தால் நிறுவப்படுகிறது."

சர்ட்டிபிகேட்டில் என் பேர். கலாமணி. எழுத்துப் பிழை இல்லாமல். நாலு தடவை படித்தேன். பட்டறையில் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கினேன். நஞ்சப்பண்ணன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் காகிதத்தில் மடித்தார். யாருக்கு என்றேன். சின்ன அம்முணிக்கு என்றார். அவர் வீடு அவள் வீட்டுத் தெருவில்தான். போகட்டும், இனிப்புக்கு நான் கணக்குப் பார்க்கிறவள் இல்லை.

26 ஏப்ரல்

டை வெட்டியாகிவிட்டது. முதல் கிளிப் அச்சிலிருந்து சூடாக விழுந்தது. கையில் வாங்கினேன், சுட்டது. முதல் ஆர்டர் யசோதா வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரி. ஆசைப்பட்டாள் இல்லையா, வார்டு முழுக்கத் தொங்கவிடட்டும். ஒரு நன்றி வார்த்தை எதிர்பார்க்கவில்லை. அவளிடம் அதெல்லாம் கிடைக்காது.

19 மே

நஞ்சப்பண்ணன் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். வயிறு சரியில்லையா என்றேன்.

"சின்ன அம்முணிக்கு வேலை போயிருச்சுங்."

தோற்ற கம்பெனியின் ஆள் அந்த ஆஸ்பத்திரிக்கும் சாமான் விற்கிறவன். உத்தரவு எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறதாம். எடுத்துக் கொண்டுபோய் மேலிடத்தில் காட்டியிருக்கிறான். சொந்த அக்காவின் ரகசியத்தையே ஊருக்குப் போட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தவள், நாளைக்கு நம் நோயாளிகளின் ரகசியத்தை என்ன செய்வாள் என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாசம் நர்ஸிங் சூப்பிரண்ட் ஆக வேண்டியவளாம். நீங்களாகவே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்றுவிட்டார்கள்.

"அவ ஒண்ணுஞ் சொல்லலியா? இல்லைன்னு சொல்லலாமில்ல?"

"சொன்னா உங்க பேட்டன்டு நிக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டு டப்பாவைத் திறந்தார். "இப்ப சரவணம்பட்டியில ஒரு சின்ன கிளினிக்குல இருக்குதுங்க. பத்து பெட்டு. அங்க நம்ம கிளிப்பு இல்லீங்களாமா. வெரலாலயே அமுத்திப் புடிச்சுக்குதுங்களாமா."

அந்தக் கம்பெனிக்காரன் நாசமாகப் போக. அந்த ஆஸ்பத்திரியும். இவ்வளவு விஷம் ஒரு மனுஷனுக்கு எங்கிருந்து வரும்? தோற்றால் தோற்றவன் மாதிரிப் போக வேண்டியதுதானே?

20 மே

கிளிப் ஒரு பெட்டி, நஞ்சப்பண்ணனிடம் அந்த கிளினிக்குக்குக் கொடுத்தனுப்பினேன். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன்.

21 மே

பெட்டி திரும்பி வந்துவிட்டது. பிரிக்கக்கூட இல்லை. விரலால் அழுத்திக்கொண்டே நோகட்டும்.

11 அக்டோபர்

ஆயுத பூஜை. இந்த வருஷம் பீளமேட்டுக்காரர்கள் வந்தார்கள், மாலை, தட்டு, பழம் என்று அமர்க்களம். சர்ட்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மேஜையில் வைத்தேன். கிளிப்பை மூடியோடு வைத்தேன். மூடி மேலேயே சந்தனம் வைத்தேன். பிளாஸ்டிக்கில் ஒட்டவில்லை, வழிந்தது.

தட்டைத் தூக்கும்போது போனில் சத்தம். யசோதா. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று அவள் பேர் அந்தத் திரையில் வந்து. எழுத்து எதுவும் இல்லை. ஒரு படம்தான்.

அதே படம். 2021. ஆனால் வெட்டாதது. சந்தனம் வைக்கிற கையில் செம்புக் காப்பு. கைக்கு மேலே தோள், தோளுக்கு மேலே நான். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு, இன்னொரு கையில் மூடியைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டு. அப்படி நான் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று தெரியவில்லை. படத்தின் இடது ஓரத்தில் லென்ஸை லேசாக மறைத்தபடி மங்கலாக ஒரு சதைத் துண்டு. முதலில் என்னவென்று புரியவில்லை. எடுத்தவளின் கட்டைவிரல். அதையும் நான்தான் அன்று வெட்டி எறிந்திருக்கிறேன்.

இதை அவள் இத்தனை நாளாகப் போனில் வைத்திருந்திருக்கிறாள். அந்த வக்கீல் கையில் இது கிடைத்திருந்தால் என் கதி என்ன? வேலையை விட்டுத் துரத்தினபோதாவது நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. இப்போது என்னத்துக்கு அனுப்பினாள்? மிரட்டவா, குத்திக்காட்டவா?

அழித்துவிட்டேன்.

பொரி நமுத்துப் போயிருந்தது.

12 அக்டோபர்

அழித்த படம் போனிலேயே குப்பைத் தொட்டி மாதிரி ஓரிடத்தில் ஒரு மாசம் கிடக்குமாம். அதற்கப்புறம் தானாகப் போய்விடுமாம். கணினி பார்க்க வந்த பெண் சொன்னாள். சும்மாதான் கேட்டேன்.

31 அக்டோபர்

தீபாவளி. முறுக்கு கடினமாகிவிட்டது. கொடுக்க ஆளும் இல்லை. நஞ்சப்பண்ணன் காலையில் வந்து ஒரு டப்பா அதிரசம் வைத்துவிட்டுப் போனார். கேட்காமலே தெரிந்தது யார் சுட்டது என்று. அவள் எப்போதும் ஏலக்காய் அதிகமாகப் போடுவாள், நாக்கில் உறுத்தும். மூன்று தின்றேன்.

படம் இன்னும் இருக்கிறது.

8 நவம்பர்

ஸ்ரீவத்சனிடம் பேசினேன். இன்னொரு பேரைக் கண்டுபிடித்தவர் என்று பின்னால் சேர்க்க வழி இருக்கிறதா என்று. "இருக்கு மேடம், ஆனா இந்த நேரத்துல அதைக் கிளறினா மத்ததெல்லாமும் வெளிய வரும். சத்தியம் பண்ணினது உட்பட. எதுக்கு மேடம்?" என்றான். நீ எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம் என்று போனை வைத்தேன்.

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

9 நவம்பர்

இன்றோடு அந்தப் படம் தானாகவே போய்விடும் என்று காட்டியது. காலையில் எடுத்துப் பார்த்தேன். மத்தியானம் ஒரு ஆட்டோகிளேவ் வந்தது, ரப்பர் வளையம் மாற்றினேன். சாயங்காலம் மறுபடி பார்த்தேன்.

வெளியே எடுத்து வைத்துவிட்டேன். கடைக்குக் கொண்டுபோய் பிரிண்ட் போடச் சொன்னேன். கடைக்காரர், "ஓரத்துல வெரலு விழுந்திருக்குதுங்க்கா, வெட்டிரட்டுங்களா?" என்றார்.

வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.